மீனெண்ணெய் மாத்திரை

கண்ணம்மை ஆச்சிக்கு உடம்பு வலிக்க ஆரம்பித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபதை நெருங்குகிறவளுக்கு இடுப்பு வலிக்கும், கால் குடையும், இதிலென்ன அதிசயம் என்றுதான் காரைக்குடியில் அவளைத் தெரிந்த எல்லாரும் நினைத்தார்கள். ஆச்சியும் அப்படித்தான் நினைத்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைப் பிடித்தாள். பிறகு தூணைப் பிடித்தும் எழ முடியவில்லை. நடக்கும்போது வாத்துப்போல இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். விலா எலும்பில் கை பட்டாலே முகம் சுருங்கிப்போகும்.

அவளுடைய வீட்டுக்காரர் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். ஜப்பான் சண்டைக் காலத்தில் அங்கிருந்து காடு மலையெல்லாம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களில் அவர் இல்லை. வழியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார் என்று கூட நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு வெள்ளைச் சேலை கட்டியவள், அதற்குப் பிறகு தெருவுக்கு வந்தது அபூர்வம். யார் வீட்டு நல்ல காரியத்துக்கும் போகமாட்டாள். வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறை, அதையொட்டி ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான் அவளுக்கு உலகம். மகனுக்குக் கல்யாணமானதும் அவர்கள் குடும்ப வழக்கப்படி மருமகள் தனியாகச் சமைத்துக்கொண்டாள். ஆச்சி தன் அடுப்பில் ஒரு வேளை மட்டும் பொங்கிச் சாப்பிட்டாள். முன்வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற நாளில் தன் கதவைச் சாத்திக்கொள்வாள். விதவையானதால் கவிச்சியை விட்டுவிட்டாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். மகன் நாச்சியப்பனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

நாச்சியப்பன் கடைவீதியில் இன்னொருவரோடு பங்கு சேர்ந்து மருந்துக் கடை நடத்தினான். கை கால் அசதி, உடம்பு வலி என்று வருகிறவர்களுக்குச் சிவப்பு டானிக்கும் சத்து மாத்திரையும் எடுத்துக் கொடுப்பது அவனுக்கு அன்றாட வேலை. ஆத்தாளுக்கும் அதையேதான் கொடுத்தான். கம்பவுண்டரைக் கூட்டி வந்து சத்து ஊசி போட்டுப் பார்த்தான். ஒன்றுக்கும் கேட்கவில்லை. அறுபத்தேழாம் வருசம் மழைக்காலத்தில் ஒரு காலை, பாயிலிருந்து எழ முடியாமல் ஆத்தா தவழ்ந்து வருவதைப் பார்த்துவிட்டான். அன்றே டாக்டர் சத்தியமூர்த்தியை வீட்டுக்கு அழைத்து வந்தான்.

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், வெளியே போவீர்களா என்று நிதானமாகக் கேட்டார். பிறகு நாச்சியப்பனை வாசலுக்குக் கூட்டி வந்து சொன்னார்.

"இது வயசு வலி இல்லைங்க. எலும்பு இளகிப் போயிருக்கு. இத்தனை வருசமா வெயிலே படாம உள்ளயே இருந்திருக்காக. சாப்பாடும் பத்தாது. வைட்டமின் டி சுத்தமா இல்லை. மீனெண்ணெய் மாத்திரையும் சுண்ணாம்புச் சத்தும் குடுங்க. காலை வெயில்ல உக்காரச் சொல்லுங்க. எந்திரிச்சு நடப்பாக."

"ஆத்தா கவிச்சி தொடமாட்டாகளே."

"அப்படியா? மீன் சேராத ஊசி ஒண்ணு இருக்கு. மதுரையில சொல்லி வச்சுத்தான் வாங்கணும். நாளாகும்."

நாச்சியப்பன் மதுரை மொத்த வியாபாரிக்கு ஆள்மூலம் சொல்லிவிட்டான். சரக்கு இல்லை, வந்தால் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. மீனெண்ணெய் மாத்திரையோ அவன் கடை அலமாரியிலேயே இருந்தது. வீட்டில் ஆத்தா தவழ்ந்துகொண்டிருந்தாள். அவன் அதற்குமேல் யோசிக்கவில்லை. மாத்திரைகளை ஒரு பழைய கற்கண்டு டப்பாவில் கொட்டி எடுத்துக்கொண்டு போனான்.

ஆச்சி ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்னப்பா, தேன் சொட்டாட்டம் இருக்கு? எதுல செஞ்சது?"

"எண்ணெயில சத்தைக் கரைச்சு அடைச்சிருக்காக, ஆத்தா."

"கவிச்சி ஒண்ணும் இல்லையே?"

"ஒங்களுக்கு நான் அப்படிக் குடுப்பேனா?"

அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வெயிலில் உட்காரத்தான் முதலில் கூச்சப்பட்டாள். மருமகள் தேனம்மை கிணற்றடியில் பலகை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். தை பிறந்தபோது ஆச்சி தூணைப் பிடிக்காமல் எழுந்தாள். மாசி முடிவதற்குள் தன் அடுப்புக்குத் தானே விறகு எடுத்து வந்தாள். ஒரு நாள் நாச்சியப்பன் கடையிலிருந்து திரும்பியபோது ஆத்தா முன்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அங்கே நின்று அவன் பார்த்துப் பல வருசம் ஆகியிருந்தது.

"கோயில் வரைக்கும் போய்ட்டு வந்தேன்ப்பா," என்றாள். "தேனம்மையக் கூட விட்டுட்டு நானே நடந்தேன். நீ நல்லா இருக்கணும். இதுக்குத்தான் சாமி ஒன்ன எனக்கு விட்டு வச்சுச்சு போல."

அவன் சிரித்தான். சட்டையைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மதுரைக்கு மறுபடி சொல்லியனுப்ப வேண்டும் என்று அவ்வப்போது நினைப்பான். ஆத்தாதான் நடக்கிறாளே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவான்.

சித்திரை வெயில் அந்த வருசம் கல்லைப் பிளந்தது. ஆச்சி டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள். மாத்திரைகள் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, சில உடைந்து ஒழுகிவிட்டன. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலில் ஏறி டப்பாவைத் தட்டிவிட்டு நக்கிக்கொண்டிருந்தது. வீட்டு வேலை செய்யும் ராக்காயி பூனையை விரட்டிவிட்டுத் தரையைத் துடைக்கக் குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன ஆச்சி, ஒங்க அறையில மீன் வாட அடிக்குது?"

ஆச்சி டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஒழுகியதை விரலில் தொட்டு மறுபடி முகர்ந்தாள். கிணற்றடிக்குப் போனாள். வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். தேனம்மை ஓடி வந்து பிடிக்கிறவரை நிறுத்தவில்லை.

நாச்சியப்பன் வந்தபோது ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். டப்பா முன்னால் இருந்தது.

"நீ என்ன சொன்னாலும் நம்புறேன். இது மீனா?"

அவனுக்கு ஆயிரம் பதில் வந்தது. மருந்தில் தோசமில்லை என்று சொல்லலாம். இல்லை என்று நான் எப்போது சொன்னேன் என்றுகூடக் கேட்கலாம். 

"ஆமா, ஆத்தா."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ பயந்து போயிருந்தாள். அவன் நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"ஒங்கப்பச்சி ரங்கூன்லேருந்து வர்ற வழியில போன மறு வருசம் ஒனக்கு விசக்காய்ச்சல் வந்துச்சு. ஏழு வயசு. வைத்தியர் கையை விரிச்சுட்டாரு. காளையார்கோவில் இருக்குற தெசையப் பாத்து விழுந்து கும்புட்டேன். 'இந்தப் பிள்ளைய எனக்குக் குடு. இனிமே கவிச்சி என் நாக்குல படாது. பட்டா, குடுத்தத நீயே எடுத்துக்க'ன்னு சொன்னேன். வாயில வந்துருச்சுப்பா, அப்படிச் சொல்லிட்டேன். யாருக்கும் சொல்லல. ஒனக்கும் சொல்லல."

நாச்சியப்பன் அவள் காலருகே உட்கார்ந்தான். "எனக்குத் தெரியாதே, ஆத்தா."

"ஒனக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்ல?"

அன்றிலிருந்து அவள் எந்த மருந்தையும் தொடவில்லை. அவன் மறுநாளே தானே மதுரைக்குப் பஸ் ஏறினான். கடை கடையாக அலைந்து அந்த ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பிவிட்டான். ஒரே நாளில் கிடைத்துவிட்டது. வாங்கிய கடைக்கு வெளியே நின்று அழுததை அவன் தேனம்மையிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் வந்து, இதில் மீன் இல்லை, உயிர்ப்பொருள் எதுவுமில்லை என்று ஆச்சியிடம் எடுத்துச் சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீக. ஆனா அவன்தானே வாங்கியாந்தது? அவன் என்னைய எந்திரிக்க வைக்க என்ன வேணாலும் செய்வான் டாக்டரய்யா."

அந்த வார்த்தையில் கோபமே இல்லை. அதனால்தான் நாச்சியப்பனால் அதைத் தாங்க முடியவில்லை.

காளையார்கோவிலுக்குப் போகவேண்டும் என்றாள். வாடகைக் கார் வைத்துக் கூட்டிப்போனான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பிரகாரம் சுற்றினாள். சன்னிதியில் வெகுநேரம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. திரும்பும்போது காரில் அவளே சொன்னாள்.

"எம் பிள்ளைய விட்டுரு, என்ன குடுக்கணுமோ அத இந்த ஒடம்புக்குக் குடுன்னு கேட்டுட்டேன். இனி ஒனக்கு ஒண்ணும் வராது."

"ஆத்தா, அப்படியெல்லாம் கேக்கக் கூடாது."

"கேட்டாச்சு."

மழைக்காலத்துக்குப் பின் வலி திரும்பி வந்தது. முதலில் இடுப்பு, பிறகு விலா, பிறகு தொடை. வெயிலில் உட்காருவதையும் நிறுத்தினாள். தேனம்மை தவிட்டு ஒத்தடம் கொண்டுவந்தால், வேண்டாம் தாயி, இது குறையக் கூடாது என்று கையை விலக்கினாள். ஒரு முறை நாச்சியப்பனுக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தது. அது விடுகிறவரை ஆச்சி பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறுந்தரையில் படுத்தாள். காய்ச்சல் விட்டதும், எலும்பெல்லாம் நொறுங்குகிற வலியில் கிடந்தவள், அவனைப் பார்த்துச் சிரித்தாள். தன் வலி வேலை செய்கிறது என்று நம்பிவிட்டாள்.

"ஏன் இப்படிச் செஞ்சீக?" என்று தேனம்மை அவனிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஆரம்பத்துலயே மதுரைக்குப் போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம்."

அவள் மறுபடி அதைக் கேட்கவே இல்லை.

அப்படியே மூன்று நான்கு வருசம் ஓடியது. எழுபத்திரண்டில் ஒரு நாள் காலை, ராக்காயி படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்தபோது ஆச்சியின் தொடை எலும்பு முறிந்தது. விழவில்லை, அடிபடவில்லை. திரும்பினாள், முறிந்தது. மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதற்கு ஆச்சி மறுத்துவிட்டாள். வலி தெரியாமல் தூங்கவாவது ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி நாச்சியப்பன் கெஞ்சினான்.

"ஆத்தா, நான் செஞ்ச தப்புக்கு என்னைய அடிங்க, வையிங்க. ஆயுசுக்கும் எங்கூடப் பேசாம இருங்க. இத மட்டும் போட்டுக்குங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் அவன் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒம் மேல எனக்கு என்னப்பா கோவம்? ஆத்தா நடக்கணும்னுதானே செஞ்சே. நடந்தேன்ல? அந்தக் கொஞ்ச நாள் நல்லா நடந்தேன்."

பிறகு, "ஒடம்பு நல்லாருக்குல்ல ஒனக்கு?" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றான். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றான். அவன் சாப்பிட்டிருக்கவில்லை.

அந்த வாரம் முடியும் முன்பே அவள் கண்ணை மூடினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் நாச்சியப்பனின் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னார்கள். மருந்துக் கடை வைத்திருக்கிற மகன் வாய்த்ததால்தான் ஆச்சி இத்தனை நாள் இருந்தாள், பெற்றவளுக்கு ஒரு பிள்ளை செய்யவேண்டியதை எல்லாம் செய்துவிட்டாய் என்றார் ஒருவர். நாச்சியப்பன் எழுந்து உள்ளே போனான். ஆத்தாளுடைய அறையில் தேனம்மை தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த துணியை வாங்கி, முழங்காலிட்டு, மீதித் தரையை அவனே துடைத்தான்.