டாக்கேட்டிவ் என்று ஒரு குற்றம்

போன வாரம் எதிர்வீட்டு மாரியக்கா அழாத குறையாக வந்து நின்றார்.

"தம்பி, நீங்கதான் பேப்பர்ல எழுதுதீங்க. டாக்கேட்டிவ்னா என்ன? எம் மவளை அப்படிச் சொல்லிட்டாவளாம்."

மகள் முத்துலட்சுமி, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்க்கிறாள். முந்தின நாள்தான் கயத்தாறிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நிறையப் பேசுதவங்கன்னு அர்த்தம்க்கா. வியாதி ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருக்கிறது. இதுவும் போய்விட்டால்?

அப்படி என்னதான் பேசிவிட்டாள்? நானும் அங்கேதான் இருந்தேன். காபி கொடுத்தாள். கடலைமிட்டாய்த் தட்டை நீட்டினாள். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டாள் — "உங்க தெருவுல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வரும் அத்தை? வீட்டுல யாரு பிடிக்கிறது?"

அவ்வளவுதான்!

குடத்தோடு வரிசையில் நின்றே வளர்ந்த பெண் வேறு எதைக் கேட்பாள்? இந்தக் கரிசல் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகம் பார்க்கும் முன்பே தண்ணீரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஆனால் பெரியவர்கள் அக்கம்பக்கத்தில் நைசாக விசாரிப்பார்கள். இவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா தன் லாரியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். டயர், டீசல், டிரைவர்... அவருக்கு அந்தப் பட்டம் உண்டா? கிடையாது. அவர் ‘விஷயம் தெரிஞ்சவர்’. வாராவாரம் இந்தப் பக்கத்தில் வாய் ஓயாமல் அளக்கிற என்னையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டிக்ஷனரியில் அந்த வார்த்தைக்கு ஆண், பெண் வித்தியாசமே இல்லை. ஊரில்தான் இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தரகர் அண்ணாச்சி வந்து சைக்கிளை நிறுத்தினார்.

"பிள்ளை வாயைக் குறைச்சுக்கிடுமான்னு கேக்காவ. சரின்னா இந்த மாசமே முடிச்சிரலாம்."

மாரியக்கா பதறிப்போய்ச் சரி சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நான் ஒண்ணுமே கேக்காமத்தான் வாக்கப்பட்டு வந்தேன் அண்ணாச்சி. இன்னைக்கு வரைக்கும் குடம் தூக்குதேன். எம் மவ கேக்கட்டும். இந்த இடம் வேண்டாம்னு சொல்லிருங்க."

அண்ணாச்சி சைக்கிளைத் திருப்பினார்.

இதற்கும் இங்கிலீஷில் ஏதாவது பட்டம் கொடுப்பார்கள்... கொடுக்கட்டுமே!