செவ்வாய்க்கிழமை நான்கு மணி

போன கிழமை இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் போகும் ரயிலில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் முழங்காலுக்குக் களிம்பு தேய்த்தாள். அந்தப் புதினா நெடி மூக்கில் ஏறியதும் இக்காஸ்டில் இறங்க மறந்துவிட்டேன். மனம் போய் நின்ற இடம், இதே நெடி நிறைந்த தொழிற்கல்லூரியின் உடைமாற்றும் அறை.

அப்போது எனக்குத் துணித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். பின்னேரம் சும்மா இருப்பேன். கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குக் கோச் இல்லையென்று கேள்விப்பட்டு, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவன் என்ற ஒரே தகுதியோடு போனேன். வேறு யாரும் வராததால் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாளே டேனிஷில் இடதையும் வலதையும் மாற்றிக் கத்தி இரண்டு பெண்களை மோதவிட்டேன். அவர்கள் நிலத்தில் கிடந்தபடியே சிரித்தார்கள்.

கோல் காத்தவள் ஜெனிற்றா, மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. பந்து வரும்போது கண்ணை மூடாத ஒரே ஆள். ஆனால் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய அப்பா மரியதாசண்ணை கதவைத் திறந்ததுமே சொன்னார்:

"தம்பி, பூசையை விட்டிட்டுப் பந்தடிக்கு விடமாட்டன்."

"பூசை முடியட்டும் அண்ணை. நான் கோயில் வாசல்ல காரோட நிக்கிறன்."

"எல்லா ஞாயிறுமோ?"

"ஓம், எல்லா ஞாயிறும்."

நின்றேன். பனி கொட்டியபோதும் நின்றேன். நாலாவது ஞாயிறு மரியதாசண்ணையே முன் சீற்றில் ஏறிக்கொண்டார். எதிரணியை அவர் தமிழில் ஏசியதை நடுவர் உற்சாகம் என்று நினைத்தார். நல்லகாலம்.

அந்த வருடம் நிறையத் தோற்றோம். வெல்லத் தொடங்கிய நேரம் பார்த்து, எங்கள் செவ்வாய் நான்கு மணி மைதானத்தை ஆண்கள் அணிக்கு மாற்றிவிட்டதாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். விளையாட்டுப் பொறுப்பாளரிடம் போனேன். மரியாதையாகத்தான் சொன்னார்: "தீர்மானம் எடுப்பது இந்த மேசையில். மைதானத்தில் இல்லை."

மனுஷன் எனக்கு வழி காட்டியது அவருக்கே தெரியாது. அன்றிலிருந்து வாகனத் தரிப்பிடத்தில் பயிற்சி. வேறு நாட்களில் நான் நிர்வாகம் படிக்கப் போனேன். அவர் ஓய்வுபெற்றபோது விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. அடுத்து வந்தவர் விலகியபோதும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை அந்த மேசை எனக்கு வந்தது. முதல் நாளே மைதான அட்டவணையில் செவ்வாய் நான்கு மணிக்கு நேரே 'பெண்கள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ஆனால் ஒன்றை விடவேண்டியிருந்தது. பொறுப்பாளர் எந்த அணிக்கும் கோச்சாக இருக்க முடியாது. நியாயமான விதி, வயிற்றெரிச்சலான விதி. அதற்குள் படிப்பை முடித்து வேலைக்கும் போயிருந்த ஜெனிற்றாவிடம் விசிலைக் கொடுத்தேன்.

"அங்கிள், ஜன்னலால பாத்துக் கத்தக்கூடாது" என்றாள்.

கத்தவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான்.

இன்றைக்குப் பெண்களுக்கு மூன்று அணி. ஆட்டத்துக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பது போனில் ஒரு விரல் அழுத்தத்தில் தெரிந்துவிடும். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவனும் நான்தான். முந்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு வீடாக டெலிபோன் எடுப்பேன். டேனிஷ் அப்பாமார் ஒரு சொல்லில் முடிப்பார்கள். எங்கட ஆட்களோ எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று விசாரித்து, இல்லையென்று இரண்டு தரம் சொல்லி, கடைசியில் இறங்கி வருவார்கள்: "சரி, பிள்ளை கவனம் தம்பி."

இப்போது என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டவர்களில் பலர் உயிரோடும் இல்லை.