பரஸ்தானம் வைத்த பை

அப்பாவின் பிடிவாதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில், ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, ஜெய்சல்மேர் போக வேண்டும் என்றார். ஆபீஸில் பயணச் செலவு தருகிற எல்.டி.சி.யில் போக அதுதான் கடைசி வாய்ப்பு. பாலைவனத்து நடுவே மணல் நிறத்தில் நிற்கும் கோட்டையின் படத்தைக் காலண்டரிலிருந்து வெட்டி பீரோவில் ஒட்டியிருந்தார்.

ஒரு முறை நெஞ்சுவலி வந்த ஆள். அந்த வெயிலில் கோட்டை ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கச் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

மூன்று பேருக்கும் டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்குத்தான் கிடைத்தது. செவ்வாயன்று வடக்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. அதனால் திங்கள் காலையிலேயே ஒரு பையை எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் பரஸ்தானம் வைத்துவிட்டு வந்தார். பை வாசலைத் தாண்டினால் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்த பை மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் போகிறவன் திரும்ப மாட்டான் என்பார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். சட்டைப்பையைத் தடவினார். மாத்திரை இல்லை. மறந்துவிடக் கூடாதென்று அந்தப் பையில் வைத்துவிட்டாராம். நான் ஓடப் போனேன். சோற்றுக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பையைத் தூக்கிட்டு வந்திராதலே."

"மாத்திரையை மட்டும் எடுத்துட்டு வாரேன்."

"அதுல உள்ள எதுவும் இங்கன வரப்படாது."

அம்மா கத்தவில்லை. "அப்ப நீங்களே அங்கன போயிப் போட்டுட்டு வாங்க. நடுரோட்டுல விழுந்தா அதுவும் சகுனந்தான்" என்றாள்.

போனார். அந்த வெயிலில், செருப்புகூட இல்லாமல். நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். குறுகலான தெருதான். அதற்குள் இரண்டு முறை நின்றார். அண்ணாச்சி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மாத்திரையை வைத்தபோது முகம் சாம்பலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. டாக்டரிடம் போகலாம் என்று அண்ணாச்சியும் சொல்லிப் பார்த்தார். போனால் பயணத்தை நிறுத்திவிடுவார் என்று அப்பாவுக்குத் தெரியும். வர மாட்டேன் என்றார்.

தனியாக விடவா முடியும்? மறுநாள் சாயங்காலம் அம்மாவும் நானும் கூடவே ரயிலேறினோம். மூன்று பேராகப் போகக் கூடாதென்று ஒரு கூழாங்கல்லை நாலாவது ஆளாகப் பையில் போட்டிருந்தார். மெட்ராஸைத் தாண்டினால் எங்களில் யாருக்கும் ஒரு வார்த்தை இந்தி தெரியாது. அங்கே விழுந்தால் யாரிடம் என்னவென்று சொல்வது?

வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறுவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். அம்மா ஆற்றைப் பார்க்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.