ஐந்து பல் சீப்பு

எங்கள் வீட்டுக்குள் இங்கிலீஷ் சங்கீதம் அம்மாவின் மரச்சீப்பு வழியாகத்தான் நுழைந்தது. சீப்பை உடைத்தது நான். உடைக்கச் சொன்னது மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. ஐந்து பல்லை மட்டும் இடைவெளி விட்டு வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். மிச்சத்தை மையில் தொட்டுத் தாளில் இழுத்தால் ஒரே இழுப்பில் ஐந்து கோடு விழும். இங்கிலீஷ் சங்கீதத்தை அந்த ஐந்து கோட்டின் மேல்தான் எழுதுவார்கள். சீப்பைக் காணோம் என்று அம்மா ஒரு வாரம் வீட்டைப் புரட்டினாள். நானும் கூடவே தேடினேன். எட்டு வயதில் அந்த அளவுக்கு நடிப்பு எனக்கு வந்திருந்தது.

மாமா கள்ளக்குறிச்சியில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கும் ஊதுவார், சாவுக்கும் ஊதுவார். தங்கியது நைனார்பாளையத்தில், எங்கள் வீட்டில். செட்டில் இருந்த மற்றவர்கள் காதால் கேட்டதை அப்படியே ஊதுகிறவர்கள். மாமாவுக்கு மட்டும் எழுத்தைப் பார்த்து ஊத வேண்டும் என்று ஒரே வெறி. போலீஸ் பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், நோட்டு படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே இடம் என்று செட்டு முதலாளி சொல்லியிருந்தார். அவர் பட்டாளத்து பேண்டில் இருந்து ரிட்டயர் ஆனவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாமா மனுப் போட்டார். மெட்ராசுக்கு வரச்சொல்லி முத்திரை குத்திய கடுதாசியும் வந்துவிட்டது. அதை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். குளிக்கப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

அவர் எனக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேலை வாங்கினார், அவ்வளவுதான். கோடு போடுவது என் வேலை, அதில் புள்ளி வைப்பது அவர் வேலை. "இன்னா பாப்பா, கோடு நெளிஞ்சிகினு போவுது?" என்று அதட்டுவார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. வயிறு காலியாக இருக்கிற உருண்டைக்கு நாலு எண்ணிக்கை. அதற்கு ஒரு குச்சி வைத்தால் இரண்டு. வயிற்றையும் மையால் ரொப்பினால் ஒன்று. குச்சிக்கு வால் முளைத்தால் அரை. என்னென்ன ஒட்டுகிறோமோ அவ்வளவுக்கு அதன் ஆயுசு குறையும். ஊதாமல் சும்மா இருப்பதற்கும் ஒரு குறி உண்டு. அதையும் எண்ணியே தீர வேண்டும். அவர் சத்தம் வராமல் கிளாரினெட்டில் விரலை மட்டும் ஓட்டுவார், நான் தொடையில் தட்டி எண்ணுவேன். சும்மா இருக்கிற இடம் வந்தால் நான் வேகமாக எண்ணிவிடுவேன்.

"சும்மா இருக்கிறதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. நிதானமா எண்ணு" என்பார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் தாள் எங்கே போவது? என் பள்ளிக்கூட நோட்டு நாலு நாளில் தீர்ந்துபோனது. பரணில் அப்பாவின் நோட்டீஸ் கட்டுகள் இருந்தன. வழுவழுப்பான கெட்டித் தாள், ஒரு பக்கம் மட்டும்தான் அச்சு. கட்டின் நடுவிலிருந்து உருவினால் யாருக்கும் தெரியாது. உருவிக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான். மாமா முதலில் வேண்டாம் என்றார். அப்புறம், மீந்த நோட்டீஸ்தானே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அது எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம். ஊரில் அதற்கு அப்பாதான் தலை. ரோட்டை மறிக்க ஊரைக் கூப்பிட்ட நோட்டீஸ் அது. நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், சர்க்கார் வேலை வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டு, அடியில் அப்பா பெயரையும் அச்சடித்திருந்தது. ஒரு பக்கம் சர்க்கார் வேலை கேட்டு நோட்டீஸ், மறுபக்கம் சர்க்கார் வேலைக்குப் படிப்பு. இந்த லட்சணத்தை நினைத்து நான் பிறகு எத்தனையோ நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன். நல்ல சிரிப்பு இல்லை அது.

வீட்டில் ஒரு விறகைப் பிளந்து நான் பார்த்திராத அப்பா, மறியல் நடந்த அந்த வாரம் ரோட்டோரத்துப் புளியமரங்களைச் சாய்த்தார். பஸ் நின்றது, பால் வண்டி நின்றது. பிறகு போலீஸ் வருகிறது என்று பேச்சு கிளம்பியதும் ஊர் ஆம்பளைகள் கரும்புக் கொல்லைக்கும் மலைக்குமாகக் காணாமல் போனார்கள். அப்பா வெள்ளிமலைக்குப் போய்விட்டார், சாமை விதைக்கிற ஒரு சிநேகிதர் வீட்டுக்கு. மாமாவையும் கிளம்பச் சொல்லி அம்மா கெஞ்சினாள். அவர் அசையவில்லை. மெட்ராசுக்குப் போக நாலே நாள் இருந்தது.

"நான் எந்த மரத்துல கை வெச்சேன்? ஓடினாத்தான்கா சந்தேகம் வரும்" என்றார்.

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு ஒரு ஜீப்பும் ஒரு வேனும் வந்தன. ஊரில் மிச்சமிருந்த ஆம்பளைகளைக் கோயில் பக்கத்துக் களத்தில் உட்கார வைத்தார்கள். பெரும்பாலும் கிழவர்கள், அவர்களுக்கு நடுவில் மாமா. பொம்பளைகள் வெளியே வரவே இல்லை. என்னைப் போன்ற வாண்டுகள் மட்டும் சுவரோரம் நின்றோம்.

சப்-இன்ஸ்பெக்டர் மாமாவைத்தான் முதலில் எழுப்பினார். மாமா பதறாமல் கடுதாசியை எடுத்து நீட்டினார். அவர் அதை இரண்டு தரம் படித்தார். முகம் இளகியது. நீயும் நம்ம டிப்பார்ட்மெண்டுக்குத்தான் வரப்போறியா என்று கேட்டார், நோட்டெல்லாம் படிப்பியா என்று கேட்டார். படிப்பேங்க என்றார் மாமா. எழுதினது ஏதாவது இருந்தால் காட்டு, பார்க்கலாம் என்றார் அவர்.

"இல்லீங்க. ஒண்ணுமில்ல" என்றார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லையா? தகரப்பெட்டி நிறைய இருக்கிறதே! பயத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நான் போட்ட கோடு நல்லா இல்லை என்று வெட்கப்படுகிறாரோ என்றும் ஒரு சந்தேகம் வந்தது. உடனே ரோஷமும் வந்தது. வீட்டுக்கு ஓடினேன். அம்மா பின்கட்டில் இருந்தாள். பெட்டியைத் திறந்து தாள்கட்டை அள்ளிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடிவந்து சப்-இன்ஸ்பெக்டர் கையிலேயே கொடுத்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் நிஜமாகவே அசந்துபோனார். நல்லாத்தான்யா எழுதியிருக்கே என்றார். கோடு யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் கன்னத்தைத் தட்டினார். அடுத்த தாளைப் பார்க்கிறவராக மேல்தாளைத் திருப்பினார். அச்சடித்த பக்கம் மேலே வந்தது. அதைப் படித்தார். கட்டு முழுவதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் குரல் வேறாகிவிட்டது. இத்தனை நோட்டீஸ் உனக்கு யார் கொடுத்தது, அடியில் பேர் போட்டிருக்கிற ஆள் உனக்கு என்ன வேணும், அவன் எங்கே போனான் என்று கேட்டார்.

மாமா பேசவில்லை. நான் பழக்கதோஷத்தில் தொடையில் தட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு முடிந்ததும் வாயைத் திறந்தார்.

"நாந்தாங்க கொண்டாந்தேன். அந்த ஆளு எங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. கொழந்தைக்கு ஒண்ணும் தெரியாது."

கடுதாசியை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர்.

கடலூர் ஜெயிலில் மாமா இருபத்திச் சொச்சம் நாள் இருந்தார். மெட்ராசில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அவர் மேல் போட்ட கேஸ் தள்ளுபடியாக வருஷக்கணக்கானது, அதற்குள் வயசு வரம்பு தாண்டிவிட்டது. அப்பா மலையிலிருந்து தாடியோடும் ஒரு மூட்டைச் சாமையோடும் இறங்கிவந்தார். ஊர் அவரை மாலை போட்டு அழைத்து வந்தது. வந்தவர் முதலில் பரணைத்தான் பார்த்தார். நோட்டீஸ் கட்டில் யார் கை வைத்தது என்று கத்தினார். மச்சான் எங்கே என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

பின்னாளில் ஒதுக்கீடு கிடைத்தது. அதில்தான் நான் டீச்சர் டிரெயினிங் சேர்ந்தேன், அந்தச் சம்பளத்தில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். ஆகவே போராட்டம் தப்பு என்று பேச எனக்கு யோக்கியதை இல்லை. அப்பாவுக்குச் சால்வை போர்த்தி ஊர்வலம் விட்டபோது முன்னால் பேண்டு போனது. அதில் சரிகைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மாமா கிளாரினெட் ஊதினார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. வேன் கிளம்பிப்போன அந்தக் காலையில் எனக்கு வேறு கணக்கு. போலீஸ் வந்தது, மாமாவின் நோட்டைப் பார்த்தது, நல்லாயிருக்கு என்றது, கடுதாசியை வாங்கிக்கொண்டு தங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மெட்ராசுக்குப் போகாமலேயே வேலை கிடைத்துவிட்டது. அதுவும் என்னால். தெருவில் இரண்டு வீட்டில் இதைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அம்மா, மாமாவ போலீஸ்ல சேத்துக்கினாங்க. நாந்தான் பேப்பரக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"எந்தப் பேப்பர?"

"அதான், நோட்டீசு பின்னாடி சீப்பால கோடு போட்டமே, அது."

அம்மா என்னை அடித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அப்படி அடித்ததில்லை. அடித்துவிட்டு அவளே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஒரு சீப்புக்காக இத்தனை அடியா என்று ரொம்ப நாள் அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது.