கையுறை போட்ட கைதட்டல்

அழைப்பு வந்தபோது அவர் ஒரு லிஃப்ட்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே எண்ணெய் நாற்றமடிக்கும் இருட்டு, தலைக்குமேல் கம்பி வடங்கள், இரண்டு கைகளிலும் கிரீஸ். மனைவி வேலை பார்க்கும், செயற்கைப் பல் செய்யும் லேப்பின் முதலாளி அழைக்கிறார் என்று திரை சொன்னது. முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மேடத்துக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வந்தால் தேவலை என்று அந்த ஆள் இழுத்து இழுத்துச் சொன்னார்.

"எந்தக் கால் சார்?" என்று கேட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

"காலா?" என்றது மறுமுனை.

"அப்ப இடுப்பா? இடுப்புன்னா நீங்களா தூக்கிடாதீங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்."

அவள் குதிரைச் சவாரி பழகத் தொடங்கிய மூன்று வருஷமாக இந்த ஓர் அழைப்புக்குத்தான் அவர் தன்னைத் தயார்செய்து வைத்திருந்தார். குதிரை தள்ளிவிட்டது, கால் முறிந்தது, தோள் எலும்பு விட்டுப்போனது என்று எது வந்தாலும் எந்த ஆஸ்பத்திரி, யாரிடம் லீவு சொல்வது, கட்டிலை எந்த அறைக்கு மாற்றுவது என்பதுவரை மனசுக்குள் ஒத்திகை முடிந்திருந்தது. அன்று வேலை நாள், வேலை நாளில் அவள் குதிரைப் பக்கமே போவதில்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அவள் தன் மேஜையில்தான் இருந்தாள். யாரோ ஒரு பெரியவருக்கான மேல்வரிசைப் பல்செட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே தலை சாய்ந்துவிட்டாள். மெருகு போடும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததாம். பக்கத்து மேஜைக்காரி, கீழே விழுந்த பல் எதையோ தேடுகிறாள் என்று நினைத்து, தானும் குனிந்து தரையில் கொஞ்ச நேரம் தேடியிருக்கிறாள்.

நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். நாற்பத்தாறு வயசு. ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத உடம்பு.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தணிந்த குரலில் கேட்டது ஒரே கேள்விதான்: குதிரையா? அது ஒன்றும் பண்ணவில்லை, அது பாவம் லாயத்தில்தான் இருந்தது என்று ஒவ்வொருவருக்கும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அந்தக் குதிரையை வாய் ஓயாமல் திட்டியவர் அவர் ஒருவர்தான். இப்போது அதற்கே வக்கீலாக உட்கார்ந்திருந்தார். சொல்லச் சொல்ல, வேறு யார் வீட்டு விஷயத்தையோ சொல்வதுபோல இருந்தது. அழுகை வரவில்லை. தண்ணீர் குடித்தால் தொண்டையில் இறங்குவது தெரிந்தது, அவ்வளவுதான். மேற்கொண்டு ஆகவேண்டிய எல்லாவற்றையும் அவளுடைய அண்ணன்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்.

அந்த வாரக் கடைசியில் கோச் வந்தார். லாயத்தில் சவாரி சொல்லிக்கொடுப்பவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இன்னும் நம்பவே முடியல சார்" என்று வாயைத் திறந்தார். மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயில் முன்பற்கள் இரண்டு அவள் செய்தவை. அவள் கை வேலை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

எல்லாமே அந்த இரண்டு பற்களிலிருந்துதான் தொடங்கியது. ஒரு குதிரை திடீரென்று தலையைத் தூக்கியதில் கோச்சின் முன்பற்கள் போயின. நிறம் பார்க்க லேப்புக்கே வந்தவர், சினிமாக்காரர்களுக்கு இருப்பதுபோல வெள்ளையாக வேண்டும் என்று நின்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "வெள்ளை வெளேர்னு வச்சா பொய்ப் பல்லுன்னு ஊருக்கே தெரியும் சார். மத்த பல்லெல்லாம் டீ குடிச்சுப் பழுத்த கலர்ல இருக்கு. அதுக்கேத்த மாதிரிதான் வைப்பேன்." இவ்வளவு பிடிவாதம் பல்லுக்கு ஆகாது, குதிரைக்குத்தான் ஆகும், ஒரு நாள் லாயத்துக்கு வாருங்கள் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார் கோச். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் நின்றாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால்கூட அவர் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொள்கிறவள். முதல் மாதம் வீட்டில் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள், உட்கார முடியவில்லை. அண்ணன்காரருக்கு அதைப் பார்த்து ஒரே குஷி. தங்கச்சிக்குக் குதிரை, மாப்பிள்ளைக்கு லிஃப்ட், குடும்பத்தில் சொந்தக் காலில் நடக்கிறவன் நான் ஒருவன்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். லாயத்தில் அவளுக்குப் பல்லுக்கார மேடம் என்று பெயர் விழுந்தது.

கடைசிக் கொட்டடியில் நின்ற பழுப்புக் குதிரையை அவளாகத்தான் தேர்ந்தெடுத்தாள். பிடரியை ஓயாமல் உதறிக்கொண்டிருந்ததால் அதை எல்லோரும் சிலுப்பி என்றார்கள். தடை தாண்டுவதில் ஒரு காலத்தில் கெட்டிக்காரக் குதிரைதான். ஒரு போட்டியில் கூட்டம் திடுதிப்பென்று கைதட்ட, மிரண்டு வேலியை முறித்துக்கொண்டு ஓடி, மேலே இருந்தவரையும் தூக்கி எறிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது சேணத் துணியைத் தட்டித் தூசி உதறினால்கூடப் போதும், கண்ணில் வெள்ளை தெரியச் சுவரில் ஏறப் பார்க்கும். ஒருவரும் அதன்மேல் ஏறுவதில்லை. அவள் முதல் நாளே அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பல்லில் ஒரு குறையும் இல்லை, கோளாறு காதில்தான் என்று கோச்சிடம் சொன்னாளாம்.

லாயத்தின் முதலாளிக்கு அந்தக் குதிரைமேல் பொறுமை போய்விட்டது. போட்டிக்குப் போக முடியாத குதிரைக்கு எத்தனை காலம் தீனி போடுவது, ஒரே ஒரு போட்டி பார்ப்பேன், மிரண்டால் தரகரிடம் தள்ளிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தரகர் கைக்குப் போன குதிரை எங்கே போய்ச் சேரும் என்று யாரும் விசாரிப்பதில்லை. அன்று வீட்டுக்கு வந்தவள் நேரே அடுக்களைக்குப் போனாள். பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கப்பு, மெடல் ஒண்ணும் வேண்டாங்க. ஒரு சுத்து. உள்ள போயி, நாலு கம்பத்தைத் தாண்டி, மிரளாம வெளிய வந்துட்டா போதும்."

பல்செட்டை எப்படிச் செய்வாளோ அப்படித்தான் குதிரையையும் செய்தாள். புதுச் செட் முதல் நாளே ஒருவர் வாயிலும் பொருந்தாது. போடச் சொல்வாள், கடிக்கச் சொல்வாள், எங்கே உறுத்துகிறது என்று கேட்பாள், அந்த இடத்தில் ஒரு மயிரிழை தேய்ப்பாள், மறுபடி போடச் சொல்வாள். கம்பத்தை முதலில் தரையில் கிடத்தி அதன்மேல் சிலுப்பியை நடக்க மட்டும் வைத்தாள். அது கொட்டாவி விடுகிற அளவுக்குச் சலித்த பிறகுதான் கம்பம் தரையை விட்டு எழுந்தது.

கைதட்டலுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கோச்சுக்கு ஞாயிறு மத்தியானம் ஓய்வு. அகப்பட்டவர் புருஷன்தான்.

முதலில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வண்டிகள் நிற்கிற இடத்துக்கு அப்பால் நின்று தட்டினார். பொத் பொத்தென்று தலையணையைத் தட்டுகிற மாதிரி சத்தம். அவர் தட்டினதும் அவள் குதிரையின் கழுத்தைச் சொறிந்துகொடுப்பாள். அது சரியென்றானதும் பத்தடி முன்னால் வரச் சொன்னாள். மழைக்காலம் முழுக்க அவர் அப்படி அடிமேல் அடியாக வேலியை நோக்கி வந்தார். பிறகு ஒரு கையுறை கழன்றது. பிறகு மற்றதும். கடைசியில் வெறுங்கையோடு வேலியோரம் நின்று, குதிரை கம்பத்தை நோக்கி ஓடிவரும்போது மெதுவாகவும் தாண்டி இறங்கியதும் பலமாகவும் தட்டினார். சம்பளமில்லாத இந்த வேலையைச் சபிக்காத ஞாயிறு கிடையாது.

"பெரிய பெரிய கச்சேரிக்குக்கூட நான் இவ்வளவு தட்டினதில்ல" என்றார் ஒருமுறை.

"கச்சேரின்னா நீங்கதான் தூங்கிடுவீங்களே. பேசாம தட்டுங்க."

வீட்டுக்கு வந்தும் உள்ளங்கை சிவந்திருக்கும். அவள் எண்ணெய் தடவிவிடுவாள். சிரித்துக்கொண்டேதான் தடவுவாள்.

நாற்காலி நுனியில் இருந்த கோச் இப்போது விஷயத்துக்கு வந்தார். போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. மேடம் இல்லாவிட்டாலும் தானே ஏறி ஓட்டத் தயார். லாயத்து முதலாளி பார்க்க வருகிறார். போகாவிட்டால் அவர் அதையே சாக்காக வைத்துக் குதிரையைத் தரகரிடம் அனுப்பிவிடுவார். அண்ணன்காரருக்கு இது பிடிக்கவில்லை. தங்கை போன சூடு ஆறவில்லை, அதற்குள் விளையாட்டுப் போட்டியா என்றார். மெக்கானிக் கோச்சின் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "போகட்டும் மச்சான்" என்றார்.

மைதானம் சின்னதுதான். கட்டைவேலி, படிப்படியாக நாலு வரிசை பெஞ்சு, காகிதக் கோப்பையில் காப்பி விற்கும் ஒரு வேன். மெக்கானிக் வந்ததும் வராததுமாக நேரே மைக் பிடிப்பவரிடம் போனார். பழுப்புக் குதிரை என் வீட்டுக்காரி பழக்கியது, கூட்டமாகக் கைதட்டினால் பழையபடி மிரண்டுவிடும், அது உள்ளே இருக்கிறவரை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவளுக்காகச் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. மைக் பிடித்தவர் இளகிய மனசுக்காரர். சிலுப்பியின் முறை வந்தபோது தானாகவே இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்: இந்தக் குதிரையைப் பழக்கிய அம்மையார் சமீபத்தில் காலமாகிவிட்டார், அவர் கணவர் இங்கே இருக்கிறார், குதிரை வெளியே வரும்வரை நாம் அனைவரும் எழுந்து நின்று மௌனம் காப்போம்.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லோரும் எழுந்தார்கள். காப்பி வேன்காரர் இஞ்சினை அணைத்தார். யாரோ அழ ஆரம்பித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். பிறகு சத்தமே இல்லை.

கோச்சைச் சுமந்துகொண்டு உள்ளே வந்த சிலுப்பி நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டது. கழுத்து கம்பாக நிமிர்ந்தது. காது இரண்டும் விறைத்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. கோச் குதிகாலால் தட்டிப் பார்த்தார். அது பின்னால் போயிற்று. வாசல் கம்பத்தில் இடித்து, உடம்பு முழுக்க நடுங்க, இன்னும் பின்னால் போகப் பார்த்தது. எதிர் வரிசையில் முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டார்.

"யாரும் தட்டலையே மச்சான்?" என்றார் மெக்கானிக், பக்கத்தில் நின்ற அண்ணன்காரரிடம்.

"யாரும் தட்டல மாப்பிள்ளை. ஊசி விழுந்தா கேக்கும்."

அதைக் கேட்டதும்தான் அவருக்கு உறைத்தது. லிஃப்ட் வேலையில் சத்தத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் சட்டென்று நின்றால்தான் உள்ளங்கை வியர்க்கும். அந்தக் குதிரை அவளிடம் பழகிய இத்தனை காலத்தில் அவர் தட்டாமல் ஒரு கம்பத்தையும் தாண்டியதில்லை. பயத்துக்கு மருந்தாக அவள் கொடுத்துவந்ததைத்தான் அவர் மைக் வைத்து ஊர் முழுக்க நிறுத்தியிருந்தார்.

அவர் கைதட்டினார்.

அத்தனை மௌனத்தில் அது அறைந்த மாதிரி கேட்டது. தலைகள் எல்லாம் திரும்பின. முன்வரிசையில் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்காக ஊரே எழுந்து நிற்கும்போது புருஷன் கைதட்டுகிறான். மைக் பிடித்தவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

"விடுங்க மச்சான். அதுக்குத் தெரியணும்."

கையை உருவிக்கொண்டு மறுபடி தட்டினார். மெதுவாக, ஒரே சீராக. சிலுப்பியின் ஒரு காது அவர் பக்கம் திரும்பியது. பிறகு மற்றக் காது. கோச்சுக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அடியிலிருக்கும் உடம்பு இளகுவது சவாரிக்காரருக்குத் தெரியாமல் போகுமா? கடிவாளத்தைத் தளர்த்தினார். குதிரை நடந்தது, ஓடியது, முதல் கம்பத்தைத் தாண்டியது. மெக்கானிக் பலமாகத் தட்டினார். இரண்டாவதையும் தாண்டியது.

மூன்றாவதுக்காக அது அவர் பக்கமாகத் திரும்பி வந்தபோது அவர் வழக்கம்போலச் சேணத்துக்குமேல் பார்த்தார். அங்கே கோச்சின் அகலமான தோள் இருந்தது. கை நின்றுவிட்டது. தன் கை நின்றது அவருக்கே தெரியவில்லை. கம்பத்தின் முன்னால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு சிலுப்பி நின்றதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"தட்டுங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

தட்டினார். கோச் ஒரு வட்டம் சுற்றிக் கொண்டுவந்தார். குதிரை தாண்டும்போது பின்னங்கால் உரசி ஒரு கம்பம் தடதடவென்று உருண்டது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாவதைத் தாண்டி, பிடரியை ஒருமுறை உதறிவிட்டு, வாசல் வழியே வெளியே போயிற்று.

முதலாளி இறங்கி வந்து வேலியோரமாகப் போனார். மெக்கானிக்கின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "இருக்கட்டும், நம்மகிட்டயே இருக்கட்டும்" என்று கோச்சிடம் சொல்லிவிட்டு நடந்தார். கோச் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீ நிறத்தில் அந்த இரண்டு பற்கள், மற்றவற்றோடு அடையாளம் தெரியாமல்.

மெக்கானிக் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

"போதும் மாப்பிள்ளை. அது வெளிய போயாச்சு."

கை நிற்கவில்லை. மச்சான் அந்தச் சிவந்த கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மெக்கானிக் சொன்னார், "அன்னைக்கு லேப்புலேருந்து போன் வந்துச்சு இல்ல மச்சான், நான் எந்தக் கால்னு கேட்டேன். முதல் கேள்வியே அதான் கேட்டேன்."

மச்சான் இன்னும் கிட்டே வந்து நின்றார். பிடியை விடவில்லை. அந்தப் பிடிக்குள்ளேயும் உள்ளங்கைகள் அசைந்துகொண்டிருந்தன. பொத், பொத்தென்று, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.