வராத போனஸுக்குக் கட்டிய வரி

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது நாங்கள் டெல்லி கரோல் பாகில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம், நானும் கணவரும் மட்டும். கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த எங்கள் ஒரே மகளுக்கு டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. குளிர்காலம் வந்தாலே மூச்சிழுப்பு, ஆஸ்பத்திரி. டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, ஐந்து வயதுக் குழந்தையைக் கும்பகோணத்தில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

மாலையில் பக்கத்து அறைப் பஞ்சாபிக் குழந்தை பள்ளி ஷூவோடு தடதடவென்று படியேறி வரும். நம் குழந்தை இல்லை என்று தெரியும். ஆனாலும் காய் நறுக்குகிற கை நின்றுவிடும்.

மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்குச் சில நாள் முன்பே, போனஸ் வாங்கிக்கொண்டதாக ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பண்டிகைக்கு முதல் நாள் முதலாளி மிட்டாய்ப் பெட்டியும் கவரும் தருவார். அந்தப் பணம் வந்ததும் ரயிலேறி, குழந்தையோடு சில நாள் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். எங்கள் இருவர் சம்பளத்தில் வாடகையும் மணியார்டரும் போக, டிக்கெட்டுக்கு வேறு வழி கிடையாது.

அந்த வருடம் பெட்டி மட்டும் வந்தது. வியாபாரம் மந்தம், ஹோலிக்குத் தருகிறேன் என்றார். ஹோலியும் போயிற்று. மார்ச் மாதச் சம்பளம் குறைந்து வந்தது. அக்கவுண்டன்டிடம் கேட்டேன். போனஸையும் சேர்த்ததில் என் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம், வரி பிடித்திருக்கிறார்களாம். மற்றவர்கள் சம்பளம் என்னுடையதைவிடவும் குறைவு என்பதால் அவர்களுக்கு வரியும் இல்லை, விஷயமும் தெரியவில்லை.

வராத பணத்துக்கா வரி என்றேன். அவர் தலையைத் தூக்காமல், "கையெழுத்து இருக்கே, பெஹன்ஜி" என்றார்.

முதலாளியிடம் போனேன். "நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள கணக்குப் பேசுவாங்களா, பெஹன்ஜி?" என்று சகோதரி முறை சொல்லி, டீயும் வரவழைத்துக் கொடுத்தார். கணவரோ, விட்டுவிடு, வேலையும் போனால் குழந்தைக்கு என்னத்தை அனுப்புவது என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பள்ளிக்கூட விடுமுறை வந்து, பாதியும் போய்விட்டது.

நாத்தனார் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் கீழேயும் குழந்தை பென்சிலால் "எப்போ வருவே?" என்று எழுதியிருப்பாள். அந்த மே மாதக் கடிதத்தில் அது இல்லை. இன்லாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடம் நிறைய இருந்தது. அவள் எழுதவில்லை.

மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டு வருமான வரி அலுவலகத்துக்குப் போனேன். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. சாப்பாட்டு நேரம். மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்திருந்த ஒரு நடுவயது அதிகாரி, என் அரைகுறை ஹிந்தியைக் கேட்டுவிட்டு ரொட்டியைக் கீழே வைத்தார். உங்கள் முதலாளி இதைத் தன் கணக்கில் செலவாகக் காட்டியிருப்பார், கொடுக்கவில்லை என்று தெரிந்தால் அவர்தான் மாட்டிக்கொள்வார் என்றார். பிறகு, "புகார் எழுதாதீங்க. போனஸை எந்தத் தேதியில, எப்படிக் கொடுத்தீங்க, என் கணக்கைத் தாக்கல் பண்ணணும், எழுத்துல சொல்லுங்கன்னு மரியாதையாக் கேளுங்க. அது போதும்" என்றார். பணம் வராமலே போனால் பிடித்த வரியைத் திரும்பக் கேட்கவும் வழி சொன்னார். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

அந்த லெட்டரைக் கம்பெனி டைப் மெஷினிலேயே அடித்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். 

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"வரி ஆபீஸ்ல கேட்டேன்."

"புகார் கொடுத்துட்டீங்களா?"

"இல்லை சார். இன்னும் என் கணக்கைக் கொடுக்கலை. அதுல என்ன எழுதணும்னுதான் கேக்கறேன்."

அந்த வாரமே எல்லோருக்கும் கவர் வந்துவிட்டது. மிட்டாய் எங்கே என்றும் ஒரு லெட்டர் அடியுங்கள், மேடம்ஜி என்று விற்பனைப் பையன்கள் சிரித்தார்கள். நான் ரிசர்வேஷன் வரிசைக்கு ஓடினேன். லீவுக் கூட்டம், ஜூலை நடுவில்தான் இடம் கிடைத்தது.

போய்ச் சேர்ந்தபோது ஆடி பிறந்து, பள்ளிக்கூடமும் திறந்திருந்தது. நாத்தனார் குரல் கொடுத்ததும் கொல்லையிலிருந்து ஓடி வந்தவள், எங்களைப் பார்த்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உயர்ந்திருந்தாள். முன்பல் விழுந்து புதிதாக முளைத்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லப் பழக்கியிருந்தபடி கைகூப்பி, "வாங்க" என்றாள்.

நாத்தனார் சிரித்துக்கொண்டே அதட்டினார். சாயங்காலத்துக்குள் குழந்தை என் மடிக்கு வந்துவிட்டாள், என் வளையல்களை எண்ணிக்கொண்டு பள்ளிக் கதையெல்லாம் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவள் பள்ளிப் படிப்பு முழுவதும் அங்கேதான். எந்தச் செலவைக் குறைத்தாவது வருடம் தவறாமல் போனோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ரயில் கும்பகோணத்தை நெருங்கும்போது, ஓடி வந்து கட்டிக்கொள்வாளா, "வாங்க" என்பாளா என்று நினைத்தபடியே என் வளையல்களை எண்ணத் தொடங்கிவிடுவேன்.