ஞாபகம் திரும்பாத கடைசிக் காட்சி

கிள்ளானிலிருந்து அழைப்பு வந்தபோது நான் செந்தூலில் ரயிலுக்குக் காத்திருந்தேன். லோகா அக்காவின் தம்பி பேசினார். "அக்கா தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க." ரயில் வந்தது, கதவு திறந்தது. ஏறத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

லோகேஸ்வரி அவர்கள் எங்களுக்கெல்லாம் லோகா அக்கா. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் சின்ன அனிமேஷன் ஸ்டூடியோவில் பாத்திரங்களை வரைந்து நடமாட வைத்தவர். நான் அங்கே வசனம் எழுதுகிறவன். பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. அக்காவுக்கு வாய் கொஞ்சம் காரம், மனசு வெல்லம்.

அவர் சேர்ந்த புதிதில் பிள்ளைகளுக்காக ஒரு தொடர் செய்தோம். தலையில் தேங்காய் விழுந்து ஒருவனுக்கு எல்லாம் மறந்துவிடும். இன்னொரு தேங்காய் விழுந்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். நான் எழுதியதுதான். படித்துவிட்டு அக்கா கேட்டார், "அப்படின்னா ஆஸ்பத்திரி எதுக்குலா? வீட்டுக்கு ஒரு தென்னமரம் போதுமே!" விழுந்து விழுந்து சிரித்தோம்.

சில வருடங்களில் அவர் கணவருக்கே மறதி நோய் வந்தது. மணியம் அண்ணன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். நோய் இருப்பதே வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. நம் ஊரில்தான் யாரைப் பார்த்தாலும் 'பாஸ்' என்று கூப்பிடலாமே! பெயர்கள் மறந்துபோன மனிதர், "சாப்பிட்டாச்சா பாஸ்?" என்றே எல்லாரிடமும் சமாளித்திருக்கிறார். ஒருநாள் தேநீர் கொண்டுவந்து வைத்த மனைவியிடமும், "தேங்க்ஸ் பாஸ்" என்றாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

போன வருடம் எங்கள் முதல் முழுநீளப் படத்தைத் தொடங்கினோம். ஞாபகம் இழந்த ஒரு தாத்தா, அவருடைய பேத்தி. தாத்தாவை அக்காதான் வரைந்தார். வெறித்த கண்களை நாங்கள் எதிர்பார்த்தோம். "மறந்தவங்க முகம் காலியா இருக்காது. மறந்தது நமக்குத் தெரிஞ்சிடக்கூடாதுன்னு ரொம்ப மரியாதையா இருப்பாங்க" என்று சொல்லி ஓர் அரைப் புன்னகையை வரைந்து காட்டினார்.

சண்டை வந்தது கடைசிக் காட்சியில். பேத்தி பாடியதும் தாத்தாவுக்கு எல்லாம் நினைவு வந்து, அவளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்றார் எங்கள் இயக்குநர் குணா.

"பிள்ளைங்க பாக்குற படம்க்கா. அழுதுகிட்டா வீட்டுக்குப் போகணும்?"

"பாடினா ஞாபகம் வரும்னு காட்டிட்டா, நாளைக்கு ஒரு பிள்ளை தன்னோட தாத்தாகிட்ட பாடிப் பார்க்கும். வரலன்னா? நான் சரியா பாடல, என் பாசம் பத்தலன்னு நெனைக்கும்லா. அந்தப் பாவம் நமக்கு வேணாம் குணா."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் பாடிப் பார்த்தவதான்."

அவர் வரைந்த முடிவில் தாத்தாவுக்கு எதுவும் நினைவு வராது. பேத்தி தினமும் தன் பெயரைச் சொல்வாள். "நல்ல பேரு" என்பார் தாத்தா. அவ்வளவுதான். இரண்டு முடிவுகளையும் கையில் வைத்துக்கொண்டு, பிறகு பார்க்கலாம் என்று குணா தள்ளிப்போட்டார். அதற்குள் அக்கா போய்விட்டார். எனக்கு அந்த ஆற்றாமைதான் பெரிதாக இருந்தது.

கிள்ளானில் இருந்த அக்கா வீட்டுக்குக் குணாவும் நானும் சேர்ந்தே போனோம். மணியம் அண்ணன் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யார் வீட்டுத் துக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குணா உடைந்து அழுதார். அண்ணன் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ரொம்ப வேண்டியவங்களா தம்பி?"

குணா தலையாட்டினார்.

"அவங்க முகத்தைப் பார்த்தாலே நல்லவங்கன்னு தெரியுது. தனியா அழாதீங்க. நான் இருக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, குணாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சவப்பெட்டியை எடுக்கும்வரை அந்தக் கையை விடவில்லை.

காருக்குத் திரும்பி, கதவைத் திறந்ததும் குணா சொன்னார்: "அக்கா வரைஞ்சதே இருக்கட்டும்."

அக்கா, மணியம் அண்ணனை உங்கள் தம்பி தன்னோடு வைத்துக்கொண்டார். படம் நீங்கள் முடித்தபடியே முடியும். உங்கள் பாட்டிலும் குறையில்லை, பாசத்திலும் குறையில்லை. போய் வாருங்கள்.